மகிழுந்தைச் சுமந்த இரயில்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பயணப் பேச்சுத்தான். ஒரு மாணவன் பினாங்குக்குப் போகிறான். இன்னொருத்தி ஜொகூரில் அத்தை வீட்டுக்குப் போகிறாள். எதில் போகிறீர்கள் என்று கேட்டால், வகுப்பு முழுவதும் "காடியில்" என்றே விடை வரும். இரயிலில் என்று சொல்லும் பிள்ளை அரிது. ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பகுதிகளில் வாழும் பிள்ளைகளுள் பலர் இரயிலைப் பாடநூற் படத்தில்தான் மிகுதியாகக் கண்டிருக்கின்றனர்.

பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இரவில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் வடக்கே போய்ச் சேரும் தந்தையர் நம்மிடையே பலர். 2023-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 6,400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாளில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது ஆசிரியர் மனத்தில் ஒரு கணம் தோன்றும் அச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலுக்குச் சில நாடுகள் ஒரு விந்தையான விடையைக் கண்டன. மகிழுந்தையும் இரயிலில் ஏற்றிவிடுவது! குடும்பம் பயணிகள் பெட்டியில் உறங்கும். மகிழுந்து அதே வண்டியின் வேறொரு பெட்டியில் வரும். காலையில் இறங்கிச் சாவியைப் பெற்றுக்கொண்டு, ஓய்வெடுத்த கண்களோடு மீதி வழியை ஓட்டிச் செல்லலாம். இதன் வரலாறு நாம் நினைப்பதைவிடத் தமிழர்க்கு அணுக்கமானது. அதனால்தான் இக்கட்டுரை.

முதலில் மகிழுந்துக்கும் நமக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். அமெரிக்காவில் போர்டு நிறுவனம் 1908-இல் 'மாடல் டி' மகிழுந்தை வெளியிட்டது. உருளிப்பட்டைக்கு இரப்பர் தேவைப்பட்டது. 1910-இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு இரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலைதான் சிலாங்கூரின் காடுகளை வேகமாக அழித்துத் தோட்டங்களாக்கியது. அந்தத் தோட்டங்களை நிரப்பவே தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் என்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலாக நட்டார் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்கலாம். ஆயினும் அக்காலத்தின் அரசன் இரப்பரே.

விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு, பால்மரம் வெட்டிய கைகள்தாம் உலகத்தின் மகிழுந்துகளை உருள வைத்தன. தோட்டத்தில் அந்த மகிழுந்து யாரிடம் இருந்தது? துரையிடம். லயத்துப் பிள்ளைகள் அதன் புழுதியைத்தான் பார்த்தனர்.

இரயிலும் அப்படித்தான் தொடங்கியது. மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. மறு ஆண்டே சிலாங்கூரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடாவுக்குப் பாதை திறக்கப்பட்டது. 1909-இல் ஜொகூர் பாரு வரை பாதை நீண்டது. மண் வெட்டியவர்களிலும் தண்டவாளம் பேணியவர்களிலும் தமிழர் மிகப் பலர். நிலையத் தலைவர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் அமர்ந்தனர். வட சிலாங்கூரில் குவாங்கிலிருந்து பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒரு கிளைப்பாதை ஓடியது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் அப்பாதையும் மறைந்தது. இன்று கோல சிலாங்கூர் நகருக்குப் பயணிகள் இரயில் இல்லை. சுங்கை பூலோ, குவாங், ரவாங், கிள்ளான் என்று சுற்றியுள்ள ஊர்களுக்குச் சென்றால்தான் இரயிலைப் பிடிக்க முடியும்.

விடுமுறைப் பயணத்தைப் பற்றிய கட்டுரையில் எழுதலாமா என்று தயங்கினாலும், ஒன்றை விட்டுவிட்டுப் போக மனம் இசையவில்லை. தோட்ட மக்களுள் பலர்க்கு நெடுந்தொலைவு இரயில் பயணம் முதன்முதலில் வாய்த்தது சப்பானியர் காலத்தில். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் திரட்டப்பட்டு, சரக்குப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு, சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதைக்காக நம் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களைக்கூடப் பெயர்த்துச் சென்றனர். கழிச்சல் நோயிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் மடிந்த ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரவர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். பெயர்த்த கிழக்குக்கரைப் பாதை முழுமையாக மீண்டது 1950-களில்தான். "சயாமுக்குப் போனவர்" என்ற சொல்லைக் கேட்டால் தோட்டத்து முதியோர் பேச்சை நிறுத்தியதற்கு இதுவே காரணம். சரக்குப்பெட்டியில் மனிதரை ஏற்றிய அந்தக் காலத்தை அறிந்த பிறகே, மகிழுந்தைச் சரக்குப்பெட்டியில் ஏற்றி மனிதரை மெத்தையில் படுக்க வைக்கும் கதையைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி அந்தக் கதைக்கு வருவோம். அதற்கு நம் முன்னோர் புறப்பட்ட தமிழ்நாட்டுக்கே செல்ல வேண்டும்.

தென்னிந்திய இரயில்வே அக்காலத்தில் தமிழர்களை இரு திசைகளிலும் கடலுக்குக் கொண்டுசேர்த்தது. மலாயாவுக்கு வருவோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்வோர் மண்டபத்து முகாமில் தங்கவைக்கப்பட்டு அங்கிருந்து அனுப்பப்பட்டனர். மண்டபத்தோடு நிலம் முடிகிறது; எதிரே பாம்பன் தீவு. அத்தீவில்தான் இராமேசுவரமும் தனுஷ்கோடியும் உள்ளன. இடையே உள்ள கடலின் மேல் 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம். நடுவே கப்பல் வந்தால் இரண்டு கைகளைப் போல் மேலே தூக்கிக்கொள்ளும் பகுதி. அவ்வகை அமைப்பை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் செர்சர் பெயராலேயே அது வழங்கப்பட்டது. சென்னையிலிருந்து வரும் 'போட் மெயில்' இப்பாலத்தைக் கடந்து தனுஷ்கோடிக்குச் செல்லும். அங்குக் கப்பல் ஏறினால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடல். பிறகு தலைமன்னாரில் மீண்டும் இரயில்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பாம்பன் பாலத்தில் தண்டவாளம் இருந்ததே தவிர, சாலை இல்லை. மகிழுந்தில் இராமேசுவரம் செல்ல விரும்பியவர் என்ன செய்வது? மண்டபம் வரை ஓட்டி வர வேண்டும். அதன்பின் இரு வழிகள். மகிழுந்தை அங்கேயே விட்டுவிட்டு இரயிலில் ஏறலாம். இல்லையேல் சுவரும் கூரையும் இல்லாத தட்டைச் சரக்குப்பெட்டியில் மகிழுந்தை ஏற்றி, கடலைக் கடக்கச் செய்யலாம். இலங்கைக்கு மகிழுந்தோடு செல்ல விரும்பிய வெளிநாட்டுப் பயணிகளும் இம்முறையையே நாடினர்.

அந்தப் பாதை மீட்டர் அகலப் பாதை. நம் மலாயா இரயிலின் அதே அகலம். மகிழுந்தின் உடலோ ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலமானது. இரு தண்டவாளங்களையும் தாண்டி இருபுறமும் நீட்டிக்கொண்டு, கீழே அலை, மேலே காற்று என்று ஒரு மகிழுந்து கடலின் மேல் ஊர்ந்து செல்வதைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தால் அருமையாக எழுதுவார்கள்!

1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடல் வாரிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் இரும்பு உத்திரங்களுள் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ஆனால், தூக்கும் பகுதி மட்டும் நின்றது. இளம் பொறியாளராய் இருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. பிற்காலத்தில் கொங்கண் இரயில்பாதையையும் தில்லி மெட்ரோவையும் உருவாக்கியவர் அவரே. தனுஷ்கோடி மீளவில்லை. இலங்கைக் கப்பல் அதன்பின் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. 1980-களில் இனப்போர் வந்து அதுவும் நின்றது.

பாம்பனில் சாலைப் பாலத்துக்கு 1974-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. திறக்கப்பட்டது 1988 அக்டோபர் 2-ஆம் நாள். இடையில் பதினான்கு ஆண்டுகள். பாலம் திறந்ததும் மகிழுந்துகள் நேரே ஓடின. தட்டைப்பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1914-ஆம் ஆண்டின் இரயில் பாலமும் 2022 திசம்பரோடு ஓய்வு பெற்றது. அதன் அருகே செங்குத்தாக உயரும் பகுதி கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. இராமேசுவரத் திருவுலா செல்லும் மலேசிய அன்பர்கள் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி இரயில் பாலத்தைப் படம் பிடிக்கின்றனர். தாம் நிற்கும் அந்தச் சாலை 1988 வரை இல்லை என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இதே கதை நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. அங்கே சுமந்தது இரயில்; இங்கே சுமந்தது பெர்ரி. பட்டர்வொர்த்தில் மகிழுந்தோடு பெர்ரியில் ஏறி, கதவைத் திறந்துகொண்டு கம்பி ஓரம் நின்று பினாங்குக் கரையைப் பார்த்தது என் தலைமுறையினர் பலர்க்கும் நினைவிருக்கும். 1920-களிலேயே அங்கு மகிழுந்துகள் பெர்ரி ஏறத் தொடங்கிவிட்டன. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது. பெர்ரி உடனே சாகவில்லை. மெல்ல மெல்லத் தேய்ந்து, 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு மகிழுந்துகளை ஏற்றுவது நின்றது.

1985 என்பது இன்னொரு வகையிலும் குறிக்கத்தக்க ஆண்டு. அவ்வாண்டில்தான் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1994-இல், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. அதே ஆண்டில் பெரோடுவா கஞ்சில் விற்பனைக்கு வந்தது. வாகனமும் சாலையும் இணைபிரியாமல் வந்ததைப் பாருங்கள். துரையின் மகிழுந்துப் புழுதியைப் பார்த்த லயத்துப் பிள்ளையின் பேரன், தவணை முறையில் ஒரு கஞ்சில் வாங்கினான். அது வெறும் வண்டியன்று. தோட்டம் துண்டாடப்பட்டு, மேம்பாட்டாளரிடம் போய், உறவினர் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் சுங்கை பட்டாணிக்கும் சிதறிய காலத்தில், குடும்பத்தை ஒன்றுசேர்த்த கயிறு அது. தோட்ட மக்கள் இரயிலைக் கைவிட்டனர் என்று யாரேனும் குறைகூறினால் நான் ஒப்பமாட்டேன். இரயில் நிலையம் எட்டாத் தொலைவில். தீபாவளிக்கு முறுக்குத் தகரமும் பாட்டியும் மூன்று பிள்ளைகளும் ஏற வேண்டும். வேறென்ன செய்வார்கள்?

மற்ற நாடுகளில் என்ன ஆயிற்று? பிரிட்டனில் 1955-இல் இலண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு மகிழுந்துகளையும் படுக்கைப் பெட்டிகளையும் இணைத்த வண்டி ஓடியது. 1966-இல் 'மோட்டாரெயில்' என்று பெயர் சூட்டி, இலண்டன் ஒலிம்பியாவில் தனி நிலையமே அமைத்தனர். ஆனால், விரைவுச்சாலைகள் வளர வளர வாடிக்கையாளர் குறைந்தனர்; 1995-இல் பிரிட்டிஷ் இரயில் அச்சேவையைக் கைவிட்டது. செருமனியின் அரசு இரயில்வேயும் 2010-களில் தன் சேவையை நிறுத்திவிட்டது.

நின்று பிடித்தது அமெரிக்காவில். யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1971 திசம்பரில் வாசிங்டன் அருகே உள்ள லார்ட்டனிலிருந்து புளோரிடாவின் சான்ஃபோர்டுக்குத் தனியார் வண்டி ஒன்றை ஓட்டினார். குளிருக்கு அஞ்சித் தெற்கே செல்லும் முதியோரும், பொழுதுபோக்கு நகரங்களுக்குச் செல்லும் குடும்பங்களும் ஏறினர். முதலில் நல்ல வருவாய். பின்னர், வேறொரு வழித்தடத்திலும் வண்டியை விட்டுக் கை சுட்டுக்கொண்டது அந்நிறுவனம். விபத்துகளும் சேர்ந்துகொள்ள, 1981-இல் மூடப்பட்டது. 1983-இல் ஆம்ட்ராக் என்ற தேசிய இரயில் நிறுவனம் அதே வழியில் வண்டியை மீட்டது, இன்றும் ஓடுகிறது. 1,376 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம். இடையில் யாரும் ஏறவோ இறங்கவோ முடியாது. பின்லாந்திலும் ஹெல்சிங்கியிலிருந்து வடகோடிக்கு, எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், மகிழுந்துகளைச் சுமக்கும் இரவு வண்டிகள் ஓடுகின்றன.

இந்தியாவின் அண்மைய முயற்சி நமக்குக் கூடுதலாகக் கற்பிக்கிறது. கொங்கண் இரயில்வே 1999 முதலே லாரிகளைச் சரக்குப்பெட்டிகளில் ஏற்றிச் செல்கிறது. 2025-இல், விநாயகர் சதுர்த்திக்காக ஊர் திரும்பும் மும்பை மக்களுக்கென, கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணாவுக்கு மகிழுந்துகளை ஏற்றும் வண்டியை அறிவித்தது. ஒரு மகிழுந்துக்கு 7,875 ரூபாய். பயணிகளுக்குத் தனிக் கட்டணம், தனிப் பெட்டி. ஒரு வண்டியில் 40 மகிழுந்துகள் ஏறலாம். குறைந்தது 16 சேர்ந்தால்தான் வண்டி புறப்படும் என்றனர். (ஐந்தாம் ஆண்டுக் கணிதத்துக்கு நல்ல கணக்கு இது.) ஆனால், முன்பதிவு மிகக் குறைவாகவே வந்தது. ஏன்? கோலாடு மும்பையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நெரிசலில் அவ்வளவு தூரம் ஓட்டிச் சென்று, மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருந்து, பிறகு ஏறத்தாழ 12 மணி நேரம் இரயிலில் செல்வதைவிட நேரே ஓட்டிவிடலாமே என்று மக்கள் கணக்கிட்டிருப்பர்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், மகிழுந்தைச் சுமக்கும் இரயில் இரண்டு இடங்களில் மட்டுமே வாழ்ந்திருக்கிறது. ஒன்று, சாலையே இல்லாத இடம், மண்டபம் அப்படிப்பட்டது. மற்றொன்று, ஒரே நாளில் ஓட்ட இயலாத தொலைவு. அங்கே இரயில் விற்பது வேகத்தை அன்று, உறக்கத்தை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவில் அது தோற்றுவிடுகிறது.

நாமோ அந்த நடுவில் இருக்கிறோம். புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நெடுஞ்சாலை ஏறத்தாழ 770 கிலோமீட்டர். வட சிலாங்கூர் அதன் இடைப்பகுதியில் உள்ளது. வடக்கே பினாங்காயினும் தெற்கே ஜொகூராயினும் நமக்குப் பாதித் தொலைவுதான். நெரிசல் இல்லாத நாளில் நான்கைந்து மணி நேர ஓட்டம். மகிழுந்தை மேடையில் ஏற்றி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கட்டி, மறுமுனையில் ஒவ்வொன்றாக இறக்குவதற்குள் நம் ஆட்கள் தாப்பாவைத் தாண்டியிருப்பார்கள். மேலும், ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பைச் சுமக்கும் கட்டணத்தைத் தோட்டத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் கொடுக்க முடியுமா? எனவே, நம் நாட்டிலும் அப்படியொரு வண்டி வேண்டும் என்று கேட்பவரோடு நான் சேரமாட்டேன்.

நமக்குப் பொருந்துவது அந்த எண்ணத்தின் பாதி மட்டும். மகிழுந்தில் நிலையம் வரை செல்வது, அதன்பின் இரயில். 2010 ஆகஸ்டில் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய இ.டி.எஸ். மின்வண்டி, 2015-இல் பாடாங் பெசாரை எட்டியது. 2025 திசம்பரில் ஜொகூர் பாருவையும் எட்டிவிட்டது. சுங்கை பூலோவில் அது நிற்கும். 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலையாலும் மற்றச் சாலைகளாலும் கோல சிலாங்கூரிலிருந்து அந்நிலையம் ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தொலைவுதான்.

ஆனால், சில தொல்லைகளைப் பெற்றோர் முன்கூட்டியே எண்ண வேண்டும். பெருநாள் காலச் சீட்டுகள் விற்பனை தொடங்கியதும் விரைவில் தீர்ந்துவிடுகின்றன; இணையத்தில் பதிவு செய்யத் தெரியாத பாட்டி தாத்தாக்களுக்கு அதில் இடமில்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஐந்து சீட்டு வாங்கும் செலவு எண்ணெய்ச் செலவையும் சாலைக் கட்டணத்தையும் மிஞ்சிவிடும். தீபாவளிக்கு முதல்நாள் இரவு வேலை முடிந்து வரும் தந்தைக்கு அந்நேரத்தில் வண்டி கிடைக்காது. ஆண்டிறுதி விடுமுறைப் பயணத்துக்கு இத்தடைகள் அவ்வளவாக இல்லை. வார நாளில் புறப்படலாம். நாளைச் சற்றே தள்ளிப் போடலாம்.

பள்ளிகளும் இதில் ஒன்று செய்யலாம். கல்விச் சுற்றுலா என்றாலே பேருந்து என்று எழுதிப் பழகிவிட்டோம். சுங்கை பூலோவிலிருந்து ஈப்போ வரை ஒரு நாள் இரயிலில் அழைத்துச் செல்லலாம். ஈப்போவிலிருந்து தைப்பிங் அடுத்த கட்டம். 1885-இன் முதல் பாதை அங்குதான் புறப்பட்டது. வழியில் சன்னலோரம் அமர்ந்த பிள்ளைகளிடம், இந்தத் தண்டவாளத்துக்கு மண் சுமந்தவர் யார், 1943-இல் இதே வழியாக வடக்கே போனவர் யார் என்று கேட்டால், சிலர் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் விசாரிப்பார்கள். நாங்கள் புறப்பட எண்ணும் நாள் மூன்றாம் தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பெற்றோரின் மகிழுந்துகளும் பள்ளி வேனும் நிலையத்தின் நிறுத்துமிடத்திலேயே மாலை வரை நிற்கும்.